மாட்டுப் பண்ணையில் முடிந்தது மலையில் முடியாதா?



இங்கிலாந்தில் சமர்செட் பகுதியில் பில்டன் என்றொரு கிராமம். அங்கே பால் பண்ணை வைத்திருந்த மைக்கல் ஈவிஸ் 1970இல் தன் பண்ணையில் ஒரு பாட்டு விழா நடத்தினார். கட்டணம் ஒரு பவுண். வந்தவர்களுக்குப் பால் இலவசம். அதுதான் இன்றைய கிளாஸ்டன்பரி விழா. ஜூன் கடைசியில் ஐந்து நாட்கள், இரண்டு இலட்சம் பேருக்கு மேல் அந்தப் புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பாட்டு மட்டுமல்ல, பூமியைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று காட்டுவதற்கே தனி வயல்கள் உண்டு. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் போத்தலில் பானம் விற்பதை 2019இல் நிறுத்தினார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை நிலம் ஆறட்டும் என்று விழாவையே விட்டுவிடுவார்கள், 2018இல் அப்படித்தான்.

சுற்றாடல் பாடத்தில் இதைச் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அவ்வளவு பேரும் கக்கூசுக்கு எங்க போவாங்க?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர்.

பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்டாள். அந்த ஐந்து நாளுக்காக அங்கே ஆயிரக்கணக்கில் கழிப்பறைகள் வைக்கிறார்கள். அதில் பலவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். போனபின் மரத்தூள் போட்டு மூடினால் போதும், பிறகு அது உரமாகிவிடும். வயலில் சிறுநீர் கழிக்கவேண்டாம் என்று வருகிறவர்களிடம் விடாமல் சொல்கிறார்கள். அது ஓடைக்குப் போய் மீனுக்குக் கேடாகுமாம்.

அந்த ஊர் மீனுக்கு இருக்கிற மரியாதை நம் அக்காமாருக்கு உண்டா?

காலையில் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறுகிற பெண் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். முடியாமல் போனால் தேயிலைச் செடி மறைவு. அங்கே அட்டை, குளவி, போதாததற்குக் கங்காணியின் கண். மாதவிடாய் நாளில் என்ன பாடு என்று எழுதவேண்டியதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் அம்மா வேலைக்குப் போன காலமெல்லாம் காலையில் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுத்தான் போவார். குடித்தால் போகவேண்டி வருமே! சிறுநீர் எரிச்சலோடுதான் பென்சன் எடுத்தார். மழை பெய்தால் அந்த மலைத் தண்ணீர் கான் வழியே இறங்கி வருவதும் நாம் பீலியில் பிடிக்கிற தண்ணீருக்குத்தான்.

கேட்டால் துரைமார் என்ன சொல்கிறார்கள்? மலையில் தண்ணீர் இல்லை, சரிவான இடம், செலவு அதிகம். தண்ணீர் இல்லாமலே முடியும் என்று ஒரு மாட்டுப் பண்ணை காட்டிவிட்டது. அதுவும் ஐந்தே நாள் கூத்துக்கு. நாம் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த மலைகளில் நிற்கிறோம்.

அந்த விழாக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல காரியம் செய்கிறார்கள். கோபமெல்லாம் 'பசுமை' என்ற சொல்லைத் தேயிலைப் பெட்டியில் ஒட்டி விற்கிறவர்கள் மேல். முத்திரை கொடுக்க ஆள் வருகிற நாளில் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மலையில் எங்கே ஒதுங்குகிறீர்கள் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணிடமும் யாரும் கேட்டதில்லை. பசுமை என்ற பெயரில் 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்களே, அப்போதும் நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கொழுந்து குறைந்தது. கூடை நிறையவில்லை என்ற ஏச்சு மட்டும் நமக்கு வந்தது.

எனவே தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் எத்தனை மலை, எதில் கழிப்பறை இருக்கிறது, எதில் இல்லை என்று மலை நம்பரோடு எழுதுங்கள். மலைக்கு எத்தனை பெண்கள் போகிறார்கள் என்றும் குறியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள். துரையின் மேசையில் நாம் வைக்கப்போவது அதைத்தான்.