வேல் செய்த கொல்லன்

உதைபந்தாட்டத்திலே வென்று வந்த மாணவர்க்கு வாழ்த்துப்பா ஒன்று பாடித் தருமாறு சில ஆண்டுகளின் முன் வட்டக்கச்சியில் என்னைக் கேட்டனர். பாடினேன். அணித்தலைவனைப் பாடினேன்; கோல் அடித்த பிள்ளைகளைப் பாடினேன்; கிண்ணம் வழங்கிய கொடையாளரையும் பிரதம விருந்தினரையும் விடாது பாடினேன். விழா முடிந்து வெளியே வந்தபொழுது, மைதானத்து மூலையில் ஒருவர் பந்துகளைச் சாக்கிலே கட்டிக்கொண்டிருந்தார். இரணைமடு நீர் பாயும் வயலிற் பகலெல்லாம் உழைத்து, மாலைதோறும் சைக்கிளில் வந்து அப்பிள்ளைகளைப் பயிற்றியவர் அவரே. அவர் பெயர் என் பாட்டில் இல்லை.

"பாட்டு நல்லா இருந்தது, பண்டிதர் ஐயா" என்றார்.

யாப்பில் ஒரு சீர் பிழைத்தால் உறங்காத நான், ஒரு மனிதரையே பிழைத்துவிட்டேன். அன்று தொட்டு இப்பொருளைச் சிந்தித்து வருகின்றேன்.

இக்குறை என் ஒருவனுடையதன்று. சைமன் சுந்தரராஜ் என்னும் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? 1960-ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடிய தமிழர் அவர். ஆடும் பருவம் கழிந்தபின் பயிற்றுநரானார். 1973-இல் எர்ணாகுளத்தில் நிகழ்ந்த சந்தோஷ் கிண்ண இறுதியாட்டத்தில் கேரளம் இரயில்வே அணியை 3-2 என வென்று, அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைக்கொண்டது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அவ்வணியை ஆக்கித் தந்தவர் சுந்தரராஜ். மணியைப் போற்றுதல் முறையே. ஆயின் அவர்க்குப் பின்னே நின்றவரையும் உடன் நினைத்தல் வேண்டும் அன்றோ?

பயிற்றுநர்க்கும் பின்னே நிற்பவர் துணைப் பயிற்றுநர். சையத் சபீர் பாஷா இந்திய அணிக்கும் இந்தியன் வங்கி அணிக்கும் ஆடியவர். பின்னர்ச் சென்னையின் அணிக்குத் துணைப் பயிற்றுநரானார். 2018 மார்ச்சில் அவ்வணி பெங்களூர் அணியை 3-2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றபொழுது, தலைமைப் பயிற்றுநரான ஆங்கிலேயர் ஜோன் கிறெகரியின் பெயரே எங்கும் ஒலித்தது. அவர்க்குப் பின்னும் அயல்நாட்டார் பலர் தலைமை ஏற்றனர், நீங்கினர். 2022 பெப்ரவரியில் தலைமைப் பயிற்றுநர் இடையிலே விலக, எஞ்சிய ஆட்டங்களுக்கு அணியைத் தாங்கியவர் பாஷாவே.

தோற்றால் பழி சுமப்பவன் தலைவன், ஆதலால் வென்றால் புகழும் அவனுக்கே உரியது என்பர் சிலர். நேர்மையான வாதமே. புகழிற் சமபங்கு வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. பெயரையேனும் எழுதுக என்கின்றேன். அதற்குக் காரணம் உண்டு. பதினொருவர் ஆடும் அணியிலே கோல் அடித்துப் பேர் பெறுபவர் ஓரிருவர். எஞ்சிய பிள்ளைகளுக்கு, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தலும் ஒரு வாழ்வே என்று யார் காட்டுவது? போரிலே யாவும் இழந்து மீண்டு வந்த இவ்வன்னி மண்ணில், அவ்வழி மறைந்திருத்தல் ஆகாது.

புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் ஒரு வீரன் உருவாதற்கு யார் யார் கடன்பட்டவர் என்று எண்ணியபொழுது, தாயையும் தந்தையையும் சொல்லி, வேந்தனைச் சொல்லுமுன் வேல் செய்து தரும் கொல்லனைச் சொன்னார். அரசனுக்கு ஓரடி, கொல்லனுக்கும் ஓரடி. கீழைத்தேயக் கல்லூரியில் அச்செய்யுளைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். மாணவர்க்குப் பொருள் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலை மண்டபத்துப் பெயர்ப்பலகையிலும், கேடயத்தின் அடியிலும், ஆண்டு மலரிலும், ஆடியவர் பெயரோடு பயிற்றியவர் பெயரையும் பொறியுங்கள். துணைநின்றவர் இருப்பின் அவர் பெயரையும் சேருங்கள். செலவு ஒரு வரி வண்ணப்பூச்சு மட்டுமே.

என் வாழ்த்துப்பாவையும் திருத்திவிட்டேன். இப்பொழுது அதில் ஒரு விருத்தம் கூடியிருக்கின்றது. வருகிற மாலையொன்றில், பந்துகள் சாக்கினுள் புகுமுன், மைதானத்திற் போய் அதை அவர்க்குப் படித்துக் காட்டுவேன்.