இரவுப் பணியும் எழுத்து உறுதியும்

நம் இளைஞர் சிலர் நள்ளிரவிலும் கணினிமுன் அமர்ந்திருப்பதாகப் பெற்றோர் குறைப்படுகின்றனர். அஃதெல்லாம் வீண்பொழுது அன்று.

1980-களில் கனடாவில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே கூறும் 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டு, 2023-இல் டொராண்டோவிலிருந்து வெளிவந்ததை நாம் அறிவோம். இத்தகைய சிறு முயற்சிகளை உலகுக்கு அறிமுகம் செய்வது ஓரிரு நிமிட முன்னோட்டப் படமே. காட்சி ஓரூரிலும் இசை வேறூரிலும் தொகுப்பு மற்றோரூரிலும் உருவாதல் உண்டு. டொராண்டோவில் கோடைப் பிற்பகல் 2 மணி எனில் நமக்கு இரவு 11.30, கலந்து பேச வேறு வேளை ஏது?

ஆயினும், முகம் காணாது செய்யும் பணிக்கு வாய்ச்சொல் போதாது. ஊதியம் எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை, எவர் பெயர் இடம்பெறும் என்பவற்றை முன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும். பிள்ளைகளை 'உறங்கு' எனக் கடியுமுன், 'எழுதி வாங்கினாயா?' என வினவுவோமாக.