பிறர் நமக்காக ஏறெடுக்க முடியாத ஜெபம்

தியான வாசிப்பு: 1 சாமுவேல் 1:9–18, மத்தேயு 6:5–8



"எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், ஐயா." ஒரு போதகர் தம் வாழ்நாளில் மிக அதிகமாகக் கேட்கும் வார்த்தை இதுவே. ஆலய வாசலிலும், குடவாசல் கடைத்தெருவிலும், இரவு நேரத்து வாட்ஸ்அப் செய்திகளிலும் இந்த வேண்டுகோள் வந்துகொண்டேயிருக்கிறது. இது தவறான வேண்டுகோள் அன்று. ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவேண்டும் என்று யாக்கோபு அப்போஸ்தலன் தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். அவ்வாறு ஜெபிப்பது என் கடமை மட்டுமல்ல, எனக்குக் கிடைத்த பாக்கியமும் ஆகும்.

ஆயினும் ஒன்றை அன்போடு கேட்க விரும்புகிறேன். என்னிடம் ஒப்புவித்த அந்தக் காரியத்திற்காக நீங்கள் ஜெபித்தீர்களா? நெல்லை ஆலையில் கொடுத்துவிட்டு அரிசிக்காகக் காத்திருப்பதுபோல, பாரத்தைப் போதகரிடம் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் நம் நடுவே வளர்ந்து வருகிறது. உபவாசக் கூட்டங்களும், இல்ல ஜெபக் கூட்டங்களும், முழு இரவு ஜெபங்களும் குறைவின்றி நடைபெறுகின்றன. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் கர்த்தருக்கு முன்பாகத் தனித்து முழங்காற்படியிடும் வழக்கம் குறைந்துகொண்டே போகிறது. நான் உங்களுக்காக ஜெபிக்கலாம். உங்களுக்குப் பதிலாக ஜெபிக்க என்னால் இயலாது.

அன்னாளைப் பாருங்கள். அவள் சீலோவுக்குப் போனபோது, ஆசாரியனாகிய ஏலி ஆலயத்தின் வாசல் நிலையண்டையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் தன் குறையைச் சொல்லி, ஜெபத்தை அவனிடமே விட்டுவிட்டு அவள் திரும்பியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. சத்தமில்லாமல், உதடுகள் மாத்திரம் அசைய, தன் இருதயத்தைத் தானே கர்த்தருக்கு முன்பாக ஊற்றினாள். ஏலியோ அவளைத் தவறாக எண்ணினான். பின்பு அவளை வாழ்த்தி அனுப்பினான். அவள் கேட்டது என்ன என்பதை அவன் அறிந்ததாக அந்தப் பகுதியில் எழுதப்படவில்லை. ஆசாரியன் அறியாததைக் கர்த்தர் அறிந்திருந்தார். அன்னாள் எழுந்துபோய்ப் போஜனம் பண்ணினாள். அவள் துக்கமுகம் மாறிற்று. அப்பொழுது அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. சூழ்நிலை மாறுவதற்கு முன்பே அவள் மாறினாள். இந்த மாற்றத்தை வேறொருவர் நமக்காகப் பெற்றுத்தர முடியுமா?

இது நம் மண்ணுக்கும் புதிய பாடம் அன்று. இங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தரங்கம்பாடியில், 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு கரையிறங்கினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708-ஆம் ஆண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிய சில வாரங்களுக்குள், டேனியக் கோட்டையில் ஏறக்குறைய நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். சபையாரிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்த நாட்களில் அவருக்கு மிஞ்சியிருந்தது கர்த்தரோடுள்ள தனிமை ஒன்றே. வெளியே வந்தபின் பணியைத் தொடர்ந்தார். 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி வெளிவந்தது. வேதம் உங்கள் கையில், உங்கள் தாய்மொழியில் இருப்பதன் பொருள் என்ன? நீங்களே வாசித்து, நீங்களே உங்கள் பிதாவோடு பேசலாம் என்பதே. இயேசுவின் மரணத்தில் தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்தது. போதகரைப் புதிய திரைச்சீலையாக நாம் தொங்கவிடலாகாது.

டெல்டாவில் வாழும் உங்களுக்குத் தண்ணீரைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்து, ஆறு இரு கரையும் நிறைந்து போனாலும், வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். குறை ஆற்றில் இல்லை. தண்ணீர் வருமுன்னே தூர்வாரவேண்டும். ஊர் ஆற்றைப் பலர் கூடித் தூர்வாரலாம். உங்கள் வயல் மடையை நீங்கள்தான் திறக்கவேண்டும். சபையின் ஆராதனை நிறைந்த ஆறு. தனிஜெபம் உங்கள் மடை.

"எங்கள் வீட்டில் தனி அறை இல்லையே" என்று சிலர் கேட்கலாம். கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன ஆண்டவரே அதிகாலை இருட்டில் எழுந்து வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). ஈசாக்கு சாயங்கால வேளையில் வயல்வெளிக்குப் போய்த் தியானம் பண்ணினான் (ஆதியாகமம் 24:63). உங்களுக்கு வரப்பும் அறையாகலாம், மொட்டைமாடியும் அறையாகலாம், அனைவரும் உறங்கியபின் அடுப்படியும் அறையாகலாம். கைப்பேசியை மட்டும் வெளியே வைத்துவிடுங்கள். இன்று பூட்டவேண்டிய கதவு பெரும்பாலும் அதுவே.

"நடவுக் காலத்தில் பொழுது விடியுமுன்னே புறப்படுகிறோமே" என்னும் சகோதரிகளின் நியாயத்தையும் அறிவேன். ராஜாவின் முன்னிலையில் நின்றபடியே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினான். அது ஒரு மூச்சளவு நேரமே. நீளத்தைக் கர்த்தர் அளப்பதில்லை. ஆனாலும் நாளுக்குப் பத்து நிமிடமாவது அவருக்கென்று பிரித்துவையுங்கள்.

"ஜெபிக்கிறேன், ஒன்றும் உணரவில்லை" என்று சோர்ந்திருப்போரே, 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. வார்த்தை வராதபோது ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் (ரோமர் 8:26). உணர்வு வந்தபின் ஜெபிப்போம் என்று காத்திருப்பது, தண்ணீர் வந்தபின் தூர்வாரலாம் என்பதற்குச் சமம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். பிரசங்க மொழியில் அல்ல, வீட்டில் பேசும் தமிழில் உங்கள் உள்ளத்தைத் திறந்து பேசுங்கள். கோபமிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மனத்தாங்கல் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்காக மன்றாடுங்கள். முடிவில் சிறிது நேரம் அமைதியாய்க் காத்திருங்கள்.

அடுத்தமுறை என்னிடம் ஜெபிக்கக் கேட்கும்போது, "நீங்கள் என்ன ஜெபித்தீர்கள்?" என்று நானும் கேட்பேன். கடிந்துகொள்வதற்காக அல்ல, அதே ஜெபத்தில் உங்களோடு சேர்ந்துகொள்வதற்காக.

ஜெபம்: அந்தரங்கத்தில் எங்களைக் காண்கிற பிதாவே, மற்றவர்களின் ஜெபத்தில் ஒளிந்துகொள்ளாதபடி எங்களை உம்மண்டை அழைத்துக்கொள்ளும். அடைபட்ட எங்கள் இருதயத்தைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.