நரம்பு வந்து சேரும்வரை

1977-78இல் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கைகால் விழுந்தது. பெரும்பாலும் அப்போதுதான் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள். முதலில் கெண்டைக்கால் வலித்தது, பிறகு பாதம் தொங்கியது, கைகளும் தளர்ந்தன. உடம்பு தேறட்டும் என்று வீட்டார் பச்சையாகக் குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலனில் ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மருத்துவர் நிமல் சேனாநாயக்க அந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் எழுதினார்.

நஞ்சு தாக்கியது நரம்பை. ஆனால் மெலிந்து போனது தசை. ஏன்?

நரம்பின் கட்டளை வரும்போதெல்லாம் தசைநாருக்குள் கல்சியம் வெளிப்படுகிறது. தசையைச் சுருக்குவது அது. வேலை நடக்கிறது, சக்தி வேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்வதும் அதுவே. அந்தச் செய்தி கேட்டுப் பிஜிசி-1 அல்பா என்ற புரதம், உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகளைப் புதிதாக உருவாக்க வைக்கிறது. ஓடப் பழக்கிய எலிகளின் தசை இழைமணிகளில் நொதியங்களின் செயற்பாடு ஏறக்குறைய இரட்டிப்பானதை ஆய்வாளர் ஹொலோசி 1967இலேயே காட்டினார். கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் நம் பெண்களின் கால்களைப் பலப்படுத்துவதும் இந்த வழிதான்.

நரம்பு நஞ்சால் கெட்டாலும் வெட்டுப்பட்டு அறுந்தாலும் இந்தச் செய்தி நின்றுவிடும். புதிய இழைமணிகள் குறையும், இருப்பவை துண்டு துண்டாகும். அவற்றிலிருந்து கசியும் ஒட்சியேற்றப் பொருட்கள் தசைப் புரதம் சிதைவதை விரைவுபடுத்தும். பழுதானவற்றை உயிரணுவே தின்று தீர்க்கும்.

மாவுக்கட்டோடு படுத்திருப்பவருக்கும் இழைமணிகள் குறையும். ஆனால் அவருடைய நரம்பு உயிரோடு இருக்கிறது, எழுந்து நடந்தால் மீண்டும் பெருகும். நரம்பு அறுந்தவரின் நிலை வேறு. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். தொடையில் அடிபட்டால் பாதத்தை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தால் நரம்பை ஏற்கும் வல்லமை தசையில் தேய்ந்துவிடும், கொழுப்பும் நார்த்திசுவும் அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

'கால் விழுந்துருச்சு, அசையாம படுத்துக்கோ' என்று லயத்தில் பாசத்தோடு சொல்கிறோம். அந்தப் பாசம் அந்தக் காலுக்கு உதவாது. பிறர் பிடித்து அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும். அணைப்புப் பட்டை பாதத்தைத் தொங்கவிடாது. தசையில் முதல் துடிப்பு தெரிந்ததும் தொடங்கும் பயிற்சிதான் இழைமணிகளை மீட்கும். இதற்கு மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும்.

ஹட்டனை அடுத்து டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. பெரிய காரியம். ஆனால் வேலைக்குப் போய்ப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்றிருக்கும் வீட்டில், நோயாளியைக் கூட்டிப் போகிறவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளத்தைப் பறிக்கும். மேலே ஆட்டோக் கூலி. அப்படி எத்தனை மாதம் போவார்கள்?

அதனால் வாரத்தில் ஒரு நாளாவது இயன்மருத்துவர் தோட்டத்துக்கே வர வேண்டும். துணைக்கு வருகிறவருக்கு அன்றைய பேர் விழ வேண்டும். வெட்டுக்காயம் ஆறியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகத் தோட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் எண்ணக் கூடாது. நரம்பு வந்து சேர நாளாகும். அதுவரை தசையைக் காப்பது நம் எல்லோருடைய கடமை.