காரைத் தாழ்த்தினால் வளைவில் ஒட்டுமா? லோயரிங் ஸ்பிரிங், காயில்ஓவர்: எது யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் இந்தக் காட்சி தப்பாது. தரையோடு தரையாகப் படுத்த மாதிரி ஒரு ஸ்விஃப்ட் வரும். வேகத்தடை தெரிந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாகக் குறுக்கே ஏற்றி இறக்குவார்கள். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. "ஹேண்ட்லிங் சும்மா வேற லெவல்" என்பார்.

அந்த ஹேண்ட்லிங் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, காயில்ஓவர் போடலாமா என்று கேட்கும் பலர், கார் தாழ்ந்தாலே வளைவில் நன்றாக ஒட்டும் என்பதை முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மீதிப் பாதி ஷாக் அப்சார்பரில் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. புவியீர்ப்பு விசையில் பாதி அளவு பக்கவாட்டு விசை வரும்படி ஒரு வளைவை வேகமாகத் திருப்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 183 கிலோ பாரம் மாறும். காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அது 173 கிலோவாகக் குறையும். வித்தியாசம் பத்தே கிலோ. இதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, காரின் குணமே மாறிவிட்டது என்று சொல்லவும் முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் முன்பக்கம் பெரும்பாலும் மேக்பெர்சன் ஸ்ட்ரட்தான். இந்த அமைப்பில் காரைத் தாழ்த்தும்போது கீழ்க்கையின் கோணம் மாறுகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடினால் சாயவைக்கும் நெம்புகோல் நீளமாகிறது என்று பொருள். அதாவது, ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைத்தால் கார் முன்பைவிட அதிகமாகக்கூடச் சாயலாம். லோயரிங் ஸ்பிரிங்குகள் விறைப்பாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பயணிக்க இடம் குறைந்துவிடுவது இன்னொரு காரணம்.

விறைப்பான ஸ்பிரிங்கை கம்பெனி ஷாக் அப்சார்பரோடு சேர்க்கும் இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அமுங்கும், திரும்ப எழும்பும். எழும்பியதை நிறுத்த அதற்குத் தெரியாது. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பதைப்போலத்தான். கையால் பிடித்து நிறுத்தும் வேலை ஷாக் அப்சார்பருடையது. எந்த விறைப்புக்கு எவ்வளவு பிடி வேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் ஊஞ்சல் பெரிதாகிறது, கை மட்டும் பழைய கை. மேடுபள்ளத்தில் கார் குதிக்கும். குதிக்கும் ஒவ்வொரு கணமும் டயர் சாலையை விட்டு லேசாகிறது. அந்த நேரத்தில் வளைவு வந்தால் பிடிப்பு குறைந்துதான் இருக்கும்.

இதைவிட ஆபத்தானது பம்ப் ஸ்டாப். ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் அல்லது ஃபோம் துண்டு, கடைசிக் கட்டத்தில் இரும்போடு இரும்பு மோதாமல் காப்பதற்கு இருக்கிறது. கார் 3 செ.மீ. தாழ்ந்தால் அந்த ரப்பரைத் தொட அத்தனை தூரம் குறைவு. வேகமான வளைவில் ஒரு பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்போது நடுவில் ஒரு பள்ளம் வந்தால் சஸ்பென்ஷன் ரப்பரில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் கிட்டத்தட்டக் கட்டையாகிவிடும், டயர் வழுக்கும். ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் இது தெரியவே தெரியாது. கொல்லிமலை இறக்கத்தில் தெரியும்.

பட்டறைகளில் நடக்கும் இன்னொரு வேலை, ஸ்பிரிங்கையே வெட்டிவிடுவது. "ஒரு சுத்து கட் பண்ணா போதும்ணே, செலவே இல்ல" என்பார்கள். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும், அது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடவும் வாய்ப்புண்டு. இதில் இரண்டாவது பேச்சே தேவையில்லை. செய்யக் கூடாது.

லோயரிங் ஸ்பிரிங் என்பதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் அந்தந்தக் காருக்கென்றே செய்யும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அளவாகத்தான் தாழ்த்தும். அதோடு, தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகவே உடல் குட்டையாகச் செய்த ஷாக் அப்சார்பரையும் சேர்த்துப் போட்டால் விஷயமே வேறு. பில்ஸ்டைனின் பி8 வரிசை அப்படிப்பட்டதுதான். தினமும் ஆபீஸ் போய், மாதம் ஒரு முறை ஏற்காடு ஏறுபவருக்கு இந்த ஜோடியே தாராளம்.

காயில்ஓவரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே செட்டாக வருகின்றன. உடலில் மரை வெட்டியிருக்கும், வளையத்தைத் திருகினால் உயரம் மாறும். பல செட்டுகளில் ஷாக் அப்சார்பரின் பிடியையும் க்ளிக் க்ளிக்காகக் கூட்டிக் குறைக்கலாம். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. சில செட்டுகளில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை இறக்கித்தான் கார் தாழ்கிறது, அதில் சக்கரம் பயணிக்கும் தூரமும் குறையும். கீழ்ப்பகுதியையே தனியாகத் திருகி உயரத்தை மாற்றும் வகையில் அந்தத் தூரம் அப்படியே இருக்கும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கலரையும் க்ளிக் எண்ணிக்கையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம். ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் அப்சார்பர் ஓரிடம். காயில்ஓவர் என்ற பெயரே அங்கே பொருந்தாது. அதற்கும் சேர்த்துத்தான் லட்சத்தைத் தொடும் விலை. அத்தனை கொடுத்து வாங்கி, பொருத்தும் அன்று ஒரு உயரம் வைத்துவிட்டு, அப்புறம் அந்த வளையத்தைத் தொடாதவர்களே அதிகம். இரண்டு மழைக்காலம் போனால் சேறும் துருவும் ஏறி மரை இறுகிவிடும், தொட நினைத்தாலும் முடியாது. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் என்று அடிக்கடி காரை எடுத்துப் போகிறவர், நான்கு சக்கரத்தின் பாரத்தையும் தனித்தனியாக எடைபோட்டுச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கைக் கையில் வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் காயில்ஓவர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். மண் பாதையில் ஓடும் ரேலி கார்களைப் பாருங்கள். உயரமாகத்தான் நிற்கும், சக்கரம் நிறையப் பயணிக்கும். ஹேண்ட்லிங் இல்லாமலா அவை ஓடுகின்றன?

வேகத்தடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவு. ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். அந்த அளவில் கட்டிய வேகத்தடை, காரின் வயிற்றை நோக்கி 4.5 செ.மீ. அளவுகூட எழும்பாது. தாழ்த்திய காரும் தாராளமாகத் தாண்டும். நம் தெருக்களில் இருப்பதோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய குறுகலான மேடு. நிறுவனம் சொல்லும் 163 மி.மீ. இடைவெளியில் 30 போய், நான்கு பேரும் பையும் ஏறி இன்னும் கொஞ்சம் போனால், சைலன்சரும் ஆயில் சம்ப்பும்தான் முதலில் அடி வாங்கும்.

சட்டமும் காருக்காரர் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் இத்தகைய ஸ்பிரிங் சோதனைச் சான்றோடு விற்கப்படுகிறது, பொருத்திய பிறகு அதிகாரபூர்வமாகப் பரிசோதிக்கவும் வழி இருக்கிறது. இங்கே நல்ல ஸ்பிரிங்கும் வெட்டிய ஸ்பிரிங்கும் ஒரே தட்டில்தான். அப்படி ஒரு சோதனை வழியை அரசு திறந்துவிட்டால், வெட்டும் பட்டறைகளுக்குப் போகும் கூட்டம் தானாகக் குறையும். அதுவரை, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றியவர் க்ளெய்ம் நேரத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

ஆகவே கையில் இருக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் நல்ல டயர். அடுத்தது தேய்ந்த புஷ்கள், ஆயில் கசியும் ஷாக் அப்சார்பர்கள். எழுபதாயிரம் கி.மீ. ஓடிய காரில் இவற்றை மாற்றினாலே பலருக்கு, "இதுதான் நம்ம வண்டியா?" என்று தோன்றும். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங்கும் பொருத்தமான ஷாக் அப்சார்பரும். பொருத்திய கையோடு வீல் அலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். உயரம் மாறினால் டோ, காம்பர் இரண்டும் மாறும். கவனிக்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துபோகும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைப்பதும் நல்லது. காரை விற்கும் நாளில் வாங்க வருபவர், "ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்பார்.