பட்டம் பெறாத போதகர்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். இறங்கிப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும் சிற்றூர். ஆனால் தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றான மணவிற்கோட்டத்தின் பெயர் இவ்வூரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாயிருந்த மணவில் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவன், அந்த மணவிலுக்கு உரியவன். பாண்டி நாட்டிலும் மலை நாட்டிலும் போர் செய்த கை தில்லையிலும் திருவதிகையிலும் திருப்பணி செய்தது. தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்ததும் அவன் பணிகளுள் ஒன்று. அவன் செய்தவற்றைத் தில்லைக் கோயிலின் கல் இன்றைக்கும் வெண்பாவில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

படைத்தொழிலிலிருந்து இறைப்பணிக்கு வந்த இன்னொரு தமிழரைப் பற்றியே நாம் எழுத முற்பட்டோம். அவருக்குக் கல்வெட்டு வாய்க்கவில்லை. அவர் பெயர் ராஜநாயக்கன். பெயரைப் பார்த்துச் சாதியை ஊகிக்கும் நம் பழக்கம் இங்கே பொய்த்துப்போகும். அவர் பறையர் குலத்தவர், தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேர்வைக்காரர், பிறப்பால் கத்தோலிக்கர்.

தரங்கம்பாடியில் டேனியக் கொடியின் கீழ் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துக்களைக் கொண்டு நற்செய்தி நூல்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714இல் தமிழில் அச்சிட்டார். புதிய ஏற்பாடு முழுமையும் 1715இல் வெளிவந்தது. ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சை அரசுக்குள் நினைத்தபடி நுழைய முடியாத காலம் அது. காகிதத்திற்கு அந்தத் தடை இல்லை. பாதிரியார் போக முடியாத எல்லையை அவர் அச்சிட்ட நூல் கடந்தது. கை மாறிக் கை மாறி ஒரு படைவீரரிடம் வந்து சேர்ந்தது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவின் அளவையும் காகிதத் தட்டுப்பாட்டையும் விரிவாக ஆராய்கிறார்கள். அச்சிட்டதை யார் படித்தார், படித்து என்ன ஆனார் என்று கேட்பவர் குறைவு. அக்கேள்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று ராஜநாயக்கன்.

படித்தவர் தரங்கம்பாடிக்கு எழுதினார், தேடிச் சென்றார், 1720களின் இறுதியில் படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். ஒரு வரியில் சொல்லிவிட்டோம். சேர்வைக்காரர் என்பது அக்காலப் பறையர் குடும்பம் ஒன்றுக்கு எத்தகைய ஏற்றம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கையில் ஆயுதமும் கீழே ஆட்களும் அரண்மனைச் சம்பளமும் கொண்ட பதவி அது. அதை உதறுவது ஒருவர் மட்டும் மேற்கொள்ளும் துறவாக இருக்க முடியாது. வீடு முழுவதும் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும். அத்துடன் பழைய சபையைச் சேர்ந்த சுற்றத்தாரின் பகையும் சேர்ந்தது. கிறித்தவத்துக்குள்ளேயே நடந்த மாற்றம் என்பதால் பகை குறைந்திருக்கும் என்று நினைப்போர் பங்காளிச் சண்டையை அறியாதவர்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சை நாட்டில் அவர் உழைத்தார். அங்கு புராட்டஸ்டண்டு சமயம் வேர்கொண்ட வரலாற்றைச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் தொடங்குகிறோம். ஷ்வார்ட்ஸ் தமிழகம் வந்தது 1750இல். ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் தஞ்சையில் அவருக்கு உண்டு; எழுப்பியவர் இரண்டாம் சரபோஜி. அந்த நன்றியை நாம் குறை சொல்லவில்லை. நிலத்தை முதலில் உழுதவர் யார் என்பதே நம் கேள்வி.

இனி நம் வழக்கின் மையத்துக்கு வருவோம். 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு சுதேச குரு என்று நூல்கள் அவரைச் சரியாகவே குறிக்கின்றன. கடலூர்க்காரர், வேளாளர், நல்ல ஊழியர். இரண்டாம் பட்டத்துக்கு ஆள் தேடியபோது ராஜநாயக்கனின் பெயர் எண்ணப்பட்டது. தகுதியில் குறை காணவில்லை. பறையரான ஒருவர் கையிலிருந்து நற்கருணை பெற நேர்ந்தால் மேற்சாதிக் கிறித்தவர்களுக்கு அந்தச் சடங்கின் மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்பது மிஷனரிகளின் தயக்கம். 1741இல் தியோகு பட்டம் பெற்றார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அப்பமும் இரசமும் தீட்டுப்படும் என்று சொல்லவில்லை. மதிப்புக் குறையும் என்றார்கள். அந்தச் சொல்லின் பணிவைக் கவனியுங்கள். தாம் சாதி பார்ப்பதாக அவர்கள் ஒருபோதும் ஒப்பவில்லை. பிறர் பார்ப்பார்களே என்றுதான் கவலைப்பட்டார்கள். இந்த நாட்டில் சாதியைக் காத்தவர்களுள் பாதிப்பேர் இப்படிப் பிறர் பொருட்டுக் கவலைப்பட்டவர்களே.

காலத்தின் கட்டாயம் அது, வேறு வழியில்லை என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 1718இல் கட்டிய தரங்கம்பாடி எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை இருந்ததைச் சான்றாகக் காட்டுவர். நமக்கு இது நிறைவளிக்கவில்லை. இதே மிஷனின் முன்னோடியான சீகன்பால்கு டேனியத் தளபதியோடு மோதி 1708இல் நான்கு மாதம் கோட்டையில் சிறையிருந்தவர். கோட்டைக்கு அஞ்சாத மரபு, முன்வரிசைப் பாயில் அமர்ந்திருந்தவர்களுக்கு அஞ்சியது. தயங்கிய மனிதர்கள் கோழைகள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் மொழியறிவும் உழைப்பும் தமிழுக்குத் தந்தது மிகுதி. ஆனால் அந்தத் தயக்கம் அவர்களோடு போகவில்லை. பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபை கொந்தளித்தது. தஞ்சைக் கிறித்தவரின் சாதி வழக்கங்களுக்காக வாதிட்டு நின்றவர்களுள் நாம் பெரிதும் போற்றும் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கவிதையை விரும்புகிற நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்பி தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது 2016இல். பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அதற்குப் பின்னும் இடிபடவில்லை.

ராஜநாயக்கனைப் பற்றி நாம் அறிவது ஹாலே அறிக்கைகளின் வழியேதான், அதாவது ஜெர்மன் மொழி வழியே. தஞ்சை வட்டாரத்து வயல்வெளிகளில் தமிழில் பேசித் தமிழில் ஜெபித்த ஒருவரைத் தமிழர் தெரிந்துகொள்ள அந்நிய மொழி நூல்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அவ்வறிக்கைகளிலிருந்து அவரைப் பற்றிய பகுதிகளை மட்டுமாவது திரட்டித் தனி நூலாகத் தமிழில் தர வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சுதேச குருமார் வரிசையை அச்சிடும்போது ஆரோனுக்கும் தியோகுவுக்கும் இடையில் ஒரு வரி விட்டு, 1741இல் யாருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று எழுதிவையுங்கள். அவருக்கு மரணத்திற்குப் பின் பட்டமளிப்பு விழா எடுக்க வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.