குடை இராட்டினமும் மனித உரிமையும்

கோயிலுக்கும் அரண்மனைக்கும் போர்க்களத்துக்குமே வரலாறு உரியது, மக்கள் பொழுதுபோக்கும் களியாட்டிடத்துக்கு வரலாறு எதற்கு என வினவுவாருளர். யாம் அக்கொள்கையினரல்லோம். ஒரு சமுதாயம் மேடையிலேறிப் பேசும் பேச்சு வேறு. தன் பிள்ளைகள் விளையாடுமிடத்தில் எவர் பிள்ளைகளை உடன்சேர விடுகின்றது என்பது வேறு. பின்னதிலேதான் அதன் உள்ளம் தெரியும். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனுக்கு அணித்தாய், மேரிலாந்து மாநிலத்திலே பொற்றோமாக் ஆற்றங்கரையில் அமைந்த கிளென் எக்கோ என்னும் சிற்றூரின் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பூங்கா கல்விநிலையமாகப் பிறந்தது என்பதை ஆசிரியர் தொழிலினேமாகிய யாம் சிறிது பெருமையுடன் குறிப்பிடுகின்றோம். 1891 ஆம் ஆண்டில் போல்ற்ஸ்லி சகோதரர் இருவர், ‘ஷட்டாக்குவா’ எனப்பட்ட பொதுமக்கட் கல்வியியக்கத்தின் நிலையமொன்றை அங்கு நிறுவினர். மலேரியாக் காய்ச்சல் பரவுகின்றதென்று எழுந்த வதந்தியால் அம்முயற்சி விரைவில் நொடித்தது. அக்காலத்துக் கற்கோபுரமொன்று இன்றும் நிற்கின்றது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பாற்றன் அம்மையார் 1897 முதல் 1912 இல் மறையும்வரை வாழ்ந்த இல்லமும் அதன் அருகிலேயே உள்ளது.

கல்வி போனவிடத்திற் களியாட்டம் புகுந்தது. 1911 இல் டிராம் வண்டிக் கம்பெனியொன்று பூங்காவை வாங்கிற்று. பாதையின் கோடியிலே கண்ணைக் கவரும் ஓரிடம் இருப்பின் விடுமுறை நாளிலும் வண்டி நிறையுமன்றோ? அந்நாளில் அமெரிக்காவின் பல நகரங்களிற் பூங்காக்கள் தோன்றியது இவ்வணிகக் கணக்கினாலேயே. 1921 இல் குடை இராட்டினம் வந்தது. மரத்திற் செதுக்கிய குதிரைகளோடு முயல், தீக்கோழி, மான், சிங்கம், புலி எனச் சிறுவர் உள்ளங்கவரும் உருவங்கள் அதிற் சுழன்றன. 1931 இல் மூவாயிரம் பேர் நீராடத்தக்க குளமும், 1933 இல் பெரிய நடனமண்டபமும் எழுந்தன.

வாஷிங்டன் மக்கள் அனைவரும் அங்கே களித்தனர் என்று பழங்கதை கூறுவோர் எழுதுவர். ‘அனைவரும்’ என்ற அச்சொல்லை யாம் ஏற்கமாட்டோம். கறுப்பின மக்களுக்கு அப்பூங்காவின் வாயில் அடைபட்டிருந்தது. கேட்டால், அது பூங்கா உடையாரின் வழக்கம் என்பர். 1968 இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் நிகழ்ந்ததை அறிந்த எம்மவர்க்கு ‘வழக்கம்’ என்ற விடை புதிதன்று.

1960 யூன் 30 ஆம் நாள் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர் சிலர் பூங்காவினுட் புகுந்து, வெள்ளையின நண்பர் வாங்கித் தந்த சீட்டுகளுடன் குடை இராட்டினத்தில் ஏறி அமர்ந்தனர். இராட்டினம் சுழலவில்லை. காவலர் ஒருவர் வந்து வெளியேறுமாறு பணித்தார். மறுத்த ஐவர் கைதாயினர். மாணவர் தலைவருள் ஒருவரான லோரன்ஸ் ஹென்றியிடம் எவ்வினத்தவர் என்று அக்காவலர் வினவ, தாம் மனித இனத்தவர் என்று அவர் விடை பகர்ந்தார். இலக்கணத்தில் இதனைப் பிறிது மொழிதல் என்பதா, நேர்விடை என்பதா? நேர்விடை என்றே யாம் கொள்வோம்.

வன்முறையற்ற இம்முறை அம்மாணவர்க்கு எங்கிருந்து வந்தது? அப்பல்கலைக்கழகத் தலைவராயிருந்த மோர்டெக்காய் ஜோன்சன் இந்தியா சென்று திரும்பிக் காந்தியடிகளின் நெறியைப் பல மேடைகளில் விளக்கியவர். 1927 இல் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையைக் கடிந்துரைத்த அதே அடிகளின் சத்தியாக்கிரகமே, பொற்றோமாக் கரையில் ஒரு மரக்குதிரையின் மேல் அமர்ந்திருந்தது எனலாம்.

அக்கோடை முழுதும் பூங்கா வாயிலில் மறியல் நடந்தது. அயலூராகிய பனொக்பேர்னிலிருந்து வெள்ளையினக் குடும்பத்தினர் பலர் வந்து மாணவருடன் நடந்தனர். அமெரிக்க நாசிக் கட்சியினர் எதிர்மறியல் செய்தனர். 1961 இற் பூங்கா எல்லார்க்கும் திறந்தது. மறியல் செய்தோருட் சிலர் அவ்வாண்டே தென்மாநிலங்களின் சுதந்திரப் பயணங்களிற் கலந்து சிறைபுகுந்தனர். ஐவர்மீது விதித்த தண்டனையை உயர் நீதிமன்றம் 1964 யூன் 22 இல் நீக்கிற்று. பூங்காவின் கூலியாளாகிய காவலர் அரசு அளித்த ஷெரிப் அதிகாரத்தைக் கொண்டு கைதுசெய்தமையால், அவ்விலக்கு அரசின் செயலாயிற்று என்பது தீர்ப்பு.

விளையாட்டிடத்துக்காக இத்துணைப் போராட்டமா என்பார்க்கு ஒன்று சொல்வோம். மார்ட்டின் லூதர் கிங் 1963 இல் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், களியாட்டப் பூங்காவொன்றுக்குத் தன்னை ஏன் கூட்டிச்செல்லவில்லை என்று கேட்ட ஆறு வயது மகளுக்கு விடைகூற நாவெழாத துயரை எடுத்துரைக்கின்றார். வாக்குரிமை இன்மையைப் பிள்ளை அறியாது. இராட்டினம் தனக்கில்லை என்பதை அறியும்.

1968 ஆம் ஆண்டுப் பருவத்துடன் பூங்கா மூடப்பட்டது. எல்லாரையும் விட்டதனாலேயே அழிந்தது என்று பேசுவாரும் உளர். 1966 இல் அங்கு நிகழ்ந்த குழப்பத்தை அவர் சான்று காட்டுவர். ஆயின் அவ்வூருக்கு டிராம் வண்டி நின்றது 1960 இலேயே. மோட்டார் வண்டியும் தொலைக்காட்சியும் பெருகப் பெருக இத்தகைய பழைய பூங்காக்கள் அந்நாட்டிற் பலவிடங்களில் மூடுண்டன. நோய் ஒன்றிருக்கப் பழியை மருந்தின்மேற் போடுவதை யாம் ஒப்பமாட்டோம்.

1970 இல் குடை இராட்டினமும் விலைபோயிற்று. அயலிலுள்ளோர் 80,000 டொலர் திரட்டி அதனை மீட்டனர். மறு ஆண்டிற் பூங்கா தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் வந்தது. நடனமண்டபம் நிற்கின்றது, ஓவியமும் நாடகமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன, கைதான ஐவருள் ஒருவரான குவென்டொலின் பிரிட் அம்மையார் பிற்காலத்தில் மேரிலாந்து மாநில மேற்சபை உறுப்பினராகி 2008 இல் மறைந்தார். இராட்டினம் 2021 இல் நூறாண்டு கண்டது. சீட்டு வாங்கிய எப்பிள்ளையும் இன்று அதில் ஏறலாம்.